எலும்புச் சிமெண்டும் மீநுண் துகள்களும்

மும்பை நகரின் தாராவியில் 'பதின்மூன்றாம் காம்பவுண்டு' என்று வழங்கும் பகுதியில், கழிவாக வந்து சேரும் பிளாஸ்டிக் பொருள்களை இனம் பிரிக்கும் தொழிலாளர்கள் கருவி எதனையும் நாடுவதில்லை. துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கின்றனர், ஒடித்துப் பார்க்கின்றனர், ஐயம் நீங்காவிடின் ஒரு முனையைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கின்றனர். பாலிதீன் வளைந்து, வெளுத்து, நீளும். அக்ரிலிக் எனப்படும் பிளாஸ்டிக்கோ கண்ணாடியைப் போல் சட்டென்று ஒடிந்துவிடும். கடைகளின் பெயர்ப் பலகைகளுக்குப் பயன்படும் இதே அக்ரிலிக்கின் நெருங்கிய உறவினம் ஒன்று, தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில், செயற்கை மூட்டுகளை மனித எலும்பினுள் உறுதியாக நிறுத்தும் வேலைக்குப் பயன்படுகிறது. அதற்கு எலும்புச் சிமெண்டு என்று பெயர்.

எளிதில் ஒடியும் இயல்புடைய ஒரு பொருள், உடலின் பளுவைத் தாங்கி, எலும்பினுள் இருபது ஆண்டுகள் ஒடியாமல் இருத்தல் வேண்டும். இது எங்ஙனம் இயலும்? கண்ணுக்கும், சாதாரண உருப்பெருக்கிக்கும் கூடப் புலனாகாத நுண்ணிய துகள்களைச் சிறிதளவு சேர்ப்பதன்மூலம் இதனைச் சாதிக்கலாமா என்பதே இன்று பல நாட்டு விஞ்ஞானிகளும் ஆராய்ந்துவரும் வினாவாகும்.

பல் வைத்தியத்திலிருந்து வந்த பொருள்

சிமெண்டு என்னும் பெயர் இருப்பினும், வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் இரசாயன உறவு யாதும் இல்லை. செயற்கைப் பற்களுக்கு ஈறு அமைக்கப் பல் வைத்தியர்கள் பயன்படுத்திவந்த பாலி மெதில் மெதாக்ரிலேட் என்னும் பொருளே இது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் பல் வைத்தியப் பொருள்களை ஆராய்ந்துவந்த டென்னிஸ் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞரின் யோசனைப்படி, ஜான் சார்ன்லி என்னும் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் 1958ஆம் ஆண்டில் இதனைக் கொண்டு இடுப்பு மூட்டின் உலோகத் தண்டைத் தொடை எலும்பினுள் பதித்தார். இதற்கு முன்னரும் சிலர் முயன்றதுண்டு. எனினும் முறையாகவும் தொடர்ச்சியாகவும் செய்து காட்டியவர் சார்ன்லியே.

இது பசை அன்று என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் நன்று. கம்பம் நடும்போது குழிக்கும் கம்பத்துக்கும் இடையே காங்கிரீட்டுக் கலவையை நிரப்புகிறோம். அக்கலவை கம்பத்தை ஒட்டிப் பிடிப்பதில்லை. இடைவெளியை நிறைத்து இறுக்கிப் பிடிக்கிறது. எலும்புச் சிமெண்டும் அவ்வாறே, கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த எலும்பின் உட்பகுதியில் புகுந்து, இறுகி, உலோகத் தண்டுக்கு வரும் பளுவை எலும்பு முழுமைக்கும் பரப்பித் தருகிறது.

சிமெண்டு இரண்டு பொட்டலங்களாக வருகிறது. ஒன்றில் ஏறத்தாழ 40 கிராம் தூள். மற்றொன்றில் 20 மில்லிலிட்டர் அளவுள்ள, கடுமையான நெடியுடைய திரவம். தூளில் இருப்பவை முன்னரே பாலிமராக்கப்பட்ட அக்ரிலிக் மணிகள்; அவற்றுடன் வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடும், எக்ஸ்-ரே படத்தில் சிமெண்டு தெரிவதற்காகப் பேரியம் சல்பேட் அல்லது ஜிர்க்கோனியம் டையாக்சைடும் சேர்க்கப்பட்டிருக்கும். திரவம் மெதில் மெதாக்ரிலேட். அதாவது இன்னும் சங்கிலியாகக் கோக்கப்படாத தனி மூலக்கூறுகள். இரண்டையும் கலந்தால் முதலில் கூழாகவும், பின்னர்ப் பிசைந்த மாவாகவும் ஆகி, கால் மணி நேரத்துக்குள் கல்லைப் போல் இறுகிவிடும். அறுவை அரங்கில் இந்தச் சில நிமிடங்கள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிமிடங்களாகும்.

குறைகள்

இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சோதனை அச்சில் இது 90 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டலாகாது என்பது சர்வதேசத் தர நிர்ணயம். உடலினுள் சிமெண்டு மெல்லிய அடுக்காக இருப்பதாலும், இரத்த ஓட்டமும் உலோகமும் வெப்பத்தைக் கடத்திச் செல்வதாலும் உஷ்ணநிலை அவ்வளவு உயர்வதில்லை. எனினும், 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புத் திசு கேடுறத் தொடங்கும் என்பதை ஸ்வீடன் நாட்டினர் முயல்களைக் கொண்டு செய்த சோதனைகள் 1983ஆம் ஆண்டிலேயே காட்டின. தனி மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்படும்போது கன அளவு குறைவதால் சிமெண்டு சற்றுச் சுருங்கவும் செய்கிறது. கலக்கும்போது சிக்கிக்கொள்ளும் காற்று குமிழிகளாகத் தங்கிவிடுகிறது. இக்கடைசிக் குறையை வெற்றிடத்தில் கலக்கும் முறையால் பெரிதும் குறைத்துவிட்டனர்.

குறை எல்லாம் எப்போதும் குறையே என்று சொல்வதற்கும் இல்லை. எலும்பில் தோன்றும் இராட்சத உயிரணுக் கட்டி என்னும் நோயில், கட்டியைச் சுரண்டி எடுத்தபின் குழியைச் சிமெண்டால் நிரப்புவது பல புற்றுநோய் மருத்துவமனைகளில் வழக்கம். அங்கே அதே வெப்பம், எஞ்சியிருக்கக்கூடிய நோய் உயிரணுக்களை அழிப்பதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

ஆயினும் மிகப் பெரிய குறை, மெல்ல மெல்ல வரும் களைப்புப் பிளவே. சிமெண்டின் மீது அழுத்தம் செலுத்தினால் சதுர சென்டிமீட்டருக்கு 700 கிலோகிராமுக்கு மேலும் தாங்கும். இழுத்தால் அதில் பாதியளவுகூடத் தாங்குவது அரிது. நடக்கும்போது இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பளு விழுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ளவரின் மூட்டு, அடி ஒன்றுக்கு 150 முதல் 180 கிலோகிராம் வரை தாங்குகிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 10 லட்சம் முறை தாங்குகிறது. ஒரே முறையில் முறிக்க இயலாத கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து முறிப்பதுபோல, ஒவ்வோர் அடியும் சிமெண்டில் உள்ள நுண்ணிய பிளவை ஓர் இழையளவு நீட்டுகிறது. பிளவுகள் ஒன்றோடொன்று கூடியபின் தண்டு தளர்கிறது. தளர்ந்த மூட்டை மீண்டும் திறந்து, பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்து, புதிது பொருத்துவது முதல் சிகிச்சையைக் காட்டிலும் கடினமானது, செலவு மிக்கது. கூலி வேலை செய்து வாழும் குடும்பத்தில் இத்தகைய சிகிச்சை ஒரு முறை நடப்பதே அரிது. ஆதலின் சிமெண்டின் ஆயுள் என்பது நம் நாட்டில் வெறும் பொறியியல் வினா அன்று.

பிளவு எங்கே தொடங்குகிறது? இங்கேதான் வியப்பான ஒரு செய்தி காத்திருக்கிறது. மருத்துவர் கண்ணுக்குச் சிமெண்டு தெரியவேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பேரியம் சல்பேட் துகளே பல சமயங்களில் பிளவுக்கும் பிறப்பிடமாகிறது. இத்துகள் அக்ரிலிக்குடன் ஒட்டுவதில்லை. ஒட்டாத துகள், இழுவிசையைப் பொறுத்தமட்டில், வெற்றுத் துளைக்குச் சமம். துகள்கள் பல சேர்ந்து திரண்டுவிட்டாலோ, அத்திரள் பெரியதொரு துளையாகவே நடந்துகொள்கிறது.

சிறுமையின் பயன்

துளையைத் தவிர்க்க இயலாதெனின் அதனை மிகச் சிறியதாக்கிவிடலாமே என்னும் எண்ணத்திலிருந்து மீநுண் துகள் ஆராய்ச்சி தொடங்கியது எனலாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சாதாரணச் சிமெண்டில் உள்ள பேரியம் சல்பேட் துகள் ஓரிரு ஆயிரம் நானோமீட்டர் அளவினது. மீநுண் துகள் நூறு நானோமீட்டரோ அதனினும் குறைவோ ஆகும்.

இச்சிறுமையின் விளைவை ஆசிரியர்கள் கரும்பலகையில் எளிதாகக் கணக்கிட்டுக் காட்டலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை 100 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு ஒரு லட்சம் மடங்காகி, 60 சதுர மீட்டர் ஆகும். பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள தாராவி அறைகள் ஆறின் தரைப்பரப்பைக் காட்டிலும் இது சற்று மிகுதி. விரல்நுனியில் அடங்கும் பொருளின் மேற்பரப்பு ஆறு அறைகளை மூடும் அளவுக்கு விரிகிறது. துகளுக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே நிகழ்வன யாவும் இந்த மேற்பரப்பிலேயே நிகழ்கின்றன.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், புதிய இரசாயனப் பொருள் எதனையும் புகுத்தாமல், பழைய பேரியம் சல்பேட்டுக்குப் பதிலாக மீநுண் பேரியம் சல்பேட்டை மட்டும் சேர்த்தனர். அந்தச் சிமெண்டு முறியுமுன் மிகுதியாக நீண்டது. அதனை முறிக்கத் தேவைப்பட்ட ஆற்றலும் கணிசமாக உயர்ந்தது. துகளைச் சுற்றித் தோன்றும் துளைகள் மிகச் சிறியனவாக இருப்பதால், அவற்றுக்கு இடைப்பட்ட அக்ரிலிக் கண்ணாடிபோல் நொறுங்காமல் சற்றே இழுபட்டுக் கொடுக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். பழகிய பொருளையே பயன்படுத்தியமையால் உடலுக்கு ஏற்குமா என்னும் அச்சமும் குறைவு.

மற்றொரு வழி, கரி அணுக்களாலான நுண்குழல்களைச் சேர்ப்பது. சுவருக்குக் குழைக்கும் மண்ணில் வைக்கோலைச் சேர்ப்பதன் நோக்கத்தைக் கிராமத்தார் அறிவர். மண் வெடிக்கத் தொடங்கும்போது வைக்கோல் இருபுறமும் பற்றிக்கொண்டு வெடிப்பை விரியவிடாமல் தடுக்கிறது. நுண்குழல்களும் அவ்வாறே பிளவின் இருகரைகளையும் தைத்து நிற்கின்றன. கென்டக்கிப் பல்கலைக் கழகத்தார் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், எடையில் 2 சதவிகிதம் நுண்குழல் சேர்த்த சிமெண்டின் களைப்பு ஆயுள் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. பெல்பாஸ்ட் நகரத்தார் இன்னும் குறைந்த அளவே சேர்த்து, வலிமை உயர்வதோடு இறுகும்போது எழும் உஷ்ணமும் குறைவதைக் கண்டனர்.

கட்டி தட்டும் மாவு

இவ்வளவும் கேட்டபின், சிறு துகள்களைத் தூவிவிட்டால் போதும் என்று எண்ணிவிடலாகாது. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும் என்பதைச் சமையலறையில் எவரும் அறிவர். மேலே வெந்து, உள்ளே உலர்ந்த மாவாகவே இருக்கும் கட்டிகள் அவை. மாவு எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு எளிதில் கட்டி தட்டும். மீநுண் துகள்களின் இயல்பும் இதுவே. பரந்த மேற்பரப்பினால் அவை ஒன்றையொன்று இழுத்துத் திரண்டுகொள்கின்றன. திரண்ட நூறாயிரம் துகள்கள் ஒரு பெரிய துகளைவிடத் தீயன. ஏனெனில் அவற்றினிடையே அக்ரிலிக் புகாத வெற்றிடங்கள் இருக்கின்றன. ஆகவேதான் ஓர் அளவுக்கு மேல் துகளைக் கூட்டினால் வலிமை உயர்வதற்குப் பதில் இறங்கத் தொடங்குகிறது. மேலே கண்ட பெல்பாஸ்ட் சோதனைகளிலும், அக்ரிலிக்குடன் இணங்கும்படி மேற்பரப்பு மாற்றப்பட்ட குழல்களே சிறந்த பயன் அளித்தன.

துகளின் மேற்பரப்பைப் பதப்படுத்தி, ஊடகத்துடன் இணங்கச் செய்து, சீராகப் பரப்புவது முற்றிலும் புதிய கலையும் அன்று. பெயிண்டு செய்பவர்கள் நிறத்தூளை எண்ணெயில் பரப்புவதற்குக் காலங்காலமாகச் செய்துவருவது இதுவே. தாராவிக்குத் தெற்கே, மாட்டுங்காவில், பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறையாக 1933இல் தொடங்கி, இன்று தனிக் கல்வி நிலையமாக விளங்கும் இரசாயனத் தொழில்நுட்ப நிலையத்தில், பாலிமர்களும் மேற்பூச்சுகளும் ஒரே துறையின் கீழ்ப் பயிற்றுவிக்கப்படுகின்றன. பெயிண்டு டப்பாவும் எலும்புச் சிமெண்டும் இரசாயனியின் கண்ணுக்கு அவ்வளவு தொலைவில் உள்ளவை அல்ல.

துகளைச் சேர்ப்பதனால் வரும் வேறு தொல்லைகளும் உண்டு. கலவை விரைவில் கெட்டிப்பட்டு, எலும்புத் துளைகளுள் புக மறுக்கலாம். கரி நுண்குழல்கள் வினையை நடத்திச் செல்லும் தனி உறுப்புகளை விழுங்கிவிடுவதால் வெப்பம் குறைகிறது என்றால், அதே காரணத்தால் கோக்கப்படாத திரவம் மிகுதியாக எஞ்சிவிடவும் கூடும். மேலும், நீண்ட கரி நுண்குழல்கள் சுண்டெலிகளின் உடலில் கல்நார் இழைகளைப் போலத் தீங்கு செய்ததை 2008இல் வெளியான எடின்பரோ ஆய்வு காட்டியது. சிமெண்டினுள் சிறைப்பட்டிருக்கும்வரை அச்சமில்லை எனலாம். ஆனால் தேய்மானத்தில் வெளிப்படும் துகள்களைப் பற்றியும், தூளைக் கையாளும் தொழிலாளரைப் பற்றியும் எண்ணாதிருக்க இயலாது.

கிருமிகளுக்கு எதிராக

செயற்கை மூட்டில் கிருமி தொற்றிவிட்டால் மருந்தால் மட்டும் அதனை அகற்றுவது கடினம். ஹாம்பர்க் நகரின் புக்ஹோல்ஸ் என்பவரும் அவருடைய துணைவரும் சிமெண்டிலேயே ஜென்டாமைசின் மருந்தைச் சேர்க்கும் முறையை 1970இல் அறிவித்தனர். இன்றும் அது வழக்கில் உள்ளது. ஆயின் மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருகிவரும் காலத்தில், வெள்ளியின் மீநுண் துகள்கள்மீது பலருடைய பார்வையும் திரும்பியது. ஜெர்மனியில் 2004இல் வெளியான ஆய்வில், 1 சதவிகித வெள்ளித் துகள் சேர்ந்த சிமெண்டு, வழக்கமான மருந்துகளை எதிர்த்து நின்ற கிருமிகளையும் சோதனைத் தட்டில் முற்றிலும் அடக்கியது. ஐந்தாண்டு கழித்து, நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் வெள்ளி சேர்ந்த சிமெண்டை முயல்களின் எலும்பில் வைத்துச் சோதித்தபோது, தொற்றைத் தடுப்பதில் அது பயன் தரவில்லை. தட்டில் வென்றது உடலில் தோற்றது. இத்துறையில் வெளியாகும் ஆய்வுரைகளுள் பெரும்பாலானவை சோதனைச்சாலையோடு நின்றுவிடுபவை என்பதை, பத்திரிகைச் செய்திகளைப் படிக்கும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளலாம்.

விலங்குச் சோதனையைக் கடந்து மனிதரிடம் வந்தபின்னும் ஏமாற்றம் நேரிடும் என்பதற்கு மீநுண் துகளோடு தொடர்பில்லாத ஒரு வரலாறு உண்டு. போன்லாக் என்னும் புதிய எலும்புச் சிமெண்டு 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வழக்கிற்கு வந்தது. இறுகும்போது வெப்பம் குறைவு. எஞ்சும் திரவமும் குறைவு. குறைகள் தீர்ந்தன என்றே எண்ணினர். ஆனால் இவற்றைப் பெறுவதற்காகச் செய்த மாறுதல்கள் சிமெண்டின் வலிமையைக் குறைத்துவிட்டிருந்தன. சில ஆண்டுகளிலேயே மூட்டுகள் தளரத் தொடங்கின. நார்வே நாட்டில் 1987 முதல் செயற்கை இடுப்பு மூட்டுகளைப் பதிவு செய்துவந்த ஏடு இருந்தமையால், இச்சிமெண்டு பயன்பட்டவர்களிடம் மறு அறுவை மிகுந்திருப்பது விரைவில் தெரியவந்தது. 1995இல் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. பதிவேடு இல்லாத நாடுகளில் இத்தகைய தவறு எத்தனை ஆண்டு மறைந்து கிடக்கும் என்று சொல்வதற்கில்லை.

டிராம்பேயின் கதிர்கள்

செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் சார்பில் 1974ஆம் ஆண்டு ஐசோமெட் என்னும் நிலையம் தொடங்கப்பட்டது. கோபால்ட்-60 வெளியிடும் காமாக் கதிர்களைக் கொண்டு, மூடிய பொட்டலத்தைத் திறக்காமலே மருத்துவப் பொருள்களில் உள்ள கிருமிகளை அழிக்கும் முறையை நம் நாட்டில் பரப்பியது இந்நிலையமே. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1988இல் அமைத்த திசு வங்கியும், கொடையாகப் பெற்ற எலும்பைத் தூய்மை செய்வதற்குக் காமாக் கதிர்களையே பயன்படுத்தியது.

எலும்புச் சிமெண்டின் தூளுக்கும் இம்முறை பயன்படும். எனினும் இங்கே ஒரு நுட்பம் உள்ளது. காமாக் கதிர்கள் கிருமியைக் கொல்வதோடு அக்ரிலிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளையும் இடையிடையே அறுத்துவிடுகின்றன. சங்கிலி குறுகினால் களைப்பைத் தாங்கும் ஆற்றல் குறையும். எத்திலீன் ஆக்சைடு வாயுவைக் கொண்டு தூய்மை செய்தால் சங்கிலிக்குக் கேடில்லை. ஆனால் வாயு முற்றிலும் வெளியேறுவதற்குக் காத்திருக்க வேண்டும். மீநுண் துகள் சேர்த்துப் பெற்ற வலிமையைத் தூய்மை செய்யும் முறை ஒன்றினாலேயே இழந்துவிடவும் கூடும் என்பதைப் புதிய சிமெண்டு செய்ய முனைவோர் முன்கூட்டியே கணக்கிடுதல் வேண்டும்.

அக்ரிலிக்கை அறவே விடுத்து வேறு வழியில் சென்றவர்களும் நம் நாட்டில் உண்டு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தைச் சேர்ந்த மனோஜ் கோமத், எச். கே. வர்மா ஆகியோர் எலும்பின் தாதுப்பொருளையே ஒத்த கால்சியம் பாஸ்பேட் சிமெண்டு ஒன்றை உருவாக்கி, 2003இல் அதனைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். ஊசிக் குழல்வழியே செலுத்தத்தக்கது, இறுகும்போது சுடுவதில்லை. ஆனால் இவ்வகைச் சிமெண்டு நடக்கும் மூட்டின் பளுவைத் தாங்காது; எலும்பிலும் பல்லிலும் உள்ள குழிகளை நிரப்புவதற்கே ஏற்றது. இடுப்பு மூட்டிலும் முழங்கால் மூட்டிலும் அக்ரிலிக்கின் இடத்தைப் பிடிக்கும் வேறு பொருள் இன்னும் வரவில்லை. அதனால்தான் குறை பல இருந்தும் அதனைத் திருத்துவதில் இத்தனை முயற்சி.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை

இந்திய அரசு 2005ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையால் எலும்புச் சிமெண்டும் மருந்துக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. 2018 முதல் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. மூட்டு அறுவை நிபுணர்களின் சங்கம் 2006 முதல் பதிவேடு ஒன்றையும் நடத்திவருகிறது. ஆயின் அது நார்வேயில் உள்ளதுபோல் நாடு முழுவதையும் தழுவியதன்று. எனவே தளர்ந்த மூட்டை முதலில் காண்பவர் பெரும்பாலும் பதிவேட்டு எழுத்தர் அல்லர். வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளரே.

செயற்கை மூட்டு வைத்துக்கொண்டவர், உட்கார்ந்து எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது மட்டும் தொடையில் வலிக்கிறது என்றும், நடக்க நடக்க வலி குறைகிறது என்றும் கூறினால், அது வயதின் வலி என்று விட்டுவிடலாகாது; தண்டு தளர்வதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம். கால் குட்டையாகி வருவதுபோல் தோன்றுவதும், பழைய தழும்பிலிருந்து நீர் கசிவதும், இரவில் ஓய்விலும் வலிப்பதும் உடனே எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டிய குறிகள். அறுவை நடந்த நாளில் பயன்படுத்திய மூட்டு, சிமெண்டு இவற்றின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச் சீட்டுகள் பொட்டலத்துடனேயே வருகின்றன. அவை நோயாளியின் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டுள்ளனவா என்று பார்த்து, குறிப்பேட்டை நனையாமலும் தொலையாமலும் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவரலாம். பத்தாண்டு கழித்து அந்த மூட்டைத் திறக்க நேர்ந்தால், அறுவை நிபுணர் முதலில் கேட்பது அச்சீட்டைத்தான்.